கட்டடங்கள் காட்டும் கல்வி வரலாறு: ஸ்கூடாயும் கிண்டியும்

ஒரு கல்விக்கூடம் எங்கே தோன்றியது, எப்பொழுது இடம்பெயர்ந்தது என்பவை வெறும் முகவரிச் செய்திகள் அல்ல. அக்கல்வி யாருக்காக வழங்கப்பட்டது என்பதையும் அவை உணர்த்துகின்றன. ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பல்கலைக்கழகத்தின் வேர் ஜொகூரில் இல்லை, கோலாலம்பூரில் உள்ளது. 1904ஆம் ஆண்டு அங்கே திரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பெற்றது. பொதுப்பணி, நில அளவை போன்ற துறைகளுக்குத் துணைநிலைப் பணியாளர்களை உருவாக்குவதே அன்றைய தேவையாக இருந்தது. திட்டமிடும் பொறியாளர் பிரிட்டனிலிருந்து வந்தார்; அவர் வரைந்ததை நிறைவேற்றும் உதவியாளரே இங்குப் பயிற்சி பெற்றார்.

அதே காலத்தில் ஜொகூரில் மற்றொரு பொறியியல் பணி நடைபெற்றது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை காடழித்து அமைக்கப்பட்ட இரயில்பாதை 1909இல் நிறைவுற்றது. குளுவாங்கிற்கும் கூலாய்க்கும் இடையிலுள்ள லாயாங் லாயாங் இப்பாதையில் அமைந்த ஊரேயாகும். மலாயாவின் இரயில்பாதைப் பணியில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பங்கு ஆற்றினர் என்பதை நாம் அறிவோம். மண் வெட்டியவர் ஒருவர், மேற்பார்த்தவர் ஒருவர், திட்டமிட்டவர் ஒருவர் என்ற இப்படிநிலையையே அக்காலத் தொழில்நுட்பக் கல்வியும் காத்து நின்றது.

இந்நிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1794ஆம் ஆண்டு சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்பார் முயற்சியால் எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வரி வருவாய்க்கு நிலத்தை அளக்க வேண்டியிருந்தது. அதற்கு உதவியாளர்கள் தேவைப்பட்டனர். அப்பள்ளியே வளர்ந்து பொறியியற் கல்லூரியாகி, 1920இல் கிண்டியின் செந்நிறக் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. உதவியாளர் பள்ளி பட்டக்கல்லூரியாவதற்கு அங்கும் நெடுங்காலம் தேவைப்பட்டது.

கோலாலம்பூர்ப் பள்ளி 1946இல் தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்ந்தது. 1955இல் கர்னி சாலையில் தனக்கெனப் புதிய வளாகத்தைப் பெற்றது. விடுதலைக்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்த இம்மாற்றம் குறிப்பிடத்தக்கது. தன்னாட்சி பெறவிருந்த நாட்டிற்குத் தன் சாலைகளையும் பாலங்களையும் தானே திட்டமிடும் பொறியாளர்கள் வேண்டியிருந்தனர். 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்றும், 1975இல் பல்கலைக்கழகம் என்றும் அது நிலை உயர்ந்தது. நகரத்தின் நடுவே அமைந்த வளாகம் இவ்வளர்ச்சிக்குப் போதவில்லை. ஆகவே, 1985இல் ஸ்கூடாய் வளாகம் செயற்படத் தொடங்கியது. காலப்போக்கில் அதுவே தலைமை வளாகமாயிற்று. பழைய வளாகமும் கைவிடப்படாமல் கோலாலம்பூர்க் கிளையாகத் தொடர்கிறது.

இவ்விரு வரலாறுகளும் மொழியிலும் ஒப்புநோக்கத் தக்கன. விடுதலைக்குப் பின் மலாய்மொழி உயர்கல்வி மொழியாக வளர்க்கப்பட்டது. 1956இல் தோன்றிய டேவான் பகாசா டான் புஸ்தாகா கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டது. தமிழகத்திலோ அண்ணா பல்கலைக்கழகம் 2010இல்தான் கட்டடவியல், இயந்திரவியல் பட்டப்படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. 1794இலேயே அளவைப் பள்ளி கண்ட மண்ணில் இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது சிந்தித்தற்குரியது.

கட்டடம் நிலைத்தால் அதன் திறப்பாண்டு கல்வெட்டில் நிற்கும். அமைத்தவர் பெயரும் நிற்கும். சுமந்தவர் பெயரோ நிற்பதில்லை. ஜொகூரின் இரயில்பாதையில் உழைத்தவர்களுடைய வழித்தோன்றல்களின் நினைவிலுள்ள செய்திகளை ஊர்தோறும் திரட்டிப் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு இன்றேல், நாம் எழுதும் பொறியியல் வரலாறு மேற்பார்த்தவர்களின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.