ஒட்டுத்துணிப் போர்வையின் கதை
(பி.ஏ. வரலாறு, 1981–84)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "நீதான் ஹிஸ்டரி ஆளாச்சே, ஏதாவது ராஜா ராணி கதை எழுதேன்" என்றார். நான் எழுத வந்திருப்பது ராஜாவும் ராணியும் இல்லாத சரித்திரம். இதில் வருவது கந்தல் துணி, ஊசி, நூல், முகம் தெரியாத பெண்களின் விரல்கள். அவ்வளவுதான். "போர்வைக்கெல்லாமா சரித்திரம்?" என்று சிரிக்காதீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2005 ஜனவரி வரை.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததும், எங்கள் செட் ஆட்கள் சிலர் சேர்ந்து வீடு வீடாகத் துணி திரட்டினோம். ஒரு வேன் நிறையச் சேர்ந்தது. நாகப்பட்டினம் பக்கம் போய்ச் சேர்ந்தபோது சாலையோரத்தில் நாங்கள் கண்ட காட்சி இன்னும் மறக்கவில்லை. எங்களுக்கு முன்பே வந்த துணிகள் குவியல் குவியலாக மண்ணில் கிடந்தன. ஸ்வெட்டர், கோட்டு, ஜோடி இல்லாத சுடிதார், துவைக்காத சட்டை. ஆடு மாடு மிதித்துப் போய்க்கொண்டிருந்தது. மீனவர் குடியிருப்பில் ஒரு அம்மா எங்கள் வேனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்ல மனசோடதான் கொண்டாந்திருக்கீங்க தம்பி. ஆனா எங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே."

அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன். கொடுப்பவர்கள் எப்போதாவது கேட்டுக்கொண்டு கொடுத்திருக்கிறார்களா என்று புத்தகங்களில் தேடப் போய், கண்ணில் பட்டது இந்தப் போர்வைக் கதை.

முதலில், இது என்ன போர்வை?

ஆங்கிலத்தில் குயில்ட் என்பார்கள். மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு அல்லது கம்பளி, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்குமாக ஓடுதையல். இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. பழைய சேலை நாலைந்தை அடுக்கித் தைத்து எங்க அம்மா குழந்தைக்கு விரித்ததும், வங்காளத்தின் காந்தாவும், பீகாரின் சுஜனியும் இதே குடும்பம்தான். ஆனால் வீட்டுக் குழந்தைக்குத் தைப்பது வேறு, முன்பின் அறியாத ஒருவருக்குத் தைத்து அனுப்புவது வேறு. இரண்டாவது வகை பெரிய அளவில் நடந்த இடம் அமெரிக்கா. காலம், 1861-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர்.

உடைந்த ஜாம் பாட்டில்கள்

போர் தொடங்கியதும் வட மாநிலப் பெண்கள் தங்கள் ஊர்ப் படைக்கென்று பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். துணிகளுக்கு நடுவே கேக், பொரித்த கோழி, ஜாம் பாட்டில் எல்லாம் வைத்து அனுப்பினார்கள். ரயிலில் நாள் கணக்கில் கிடந்து பாட்டில் உடைந்து, பண்டம் அழுகி, துணியோடு சேர்ந்து எல்லாம் குப்பைக்குப் போயிற்று. சிகாகோவில் இந்த நன்கொடைகளைக் கவனித்த மேரி லிவர்மோர் என்ற அம்மையார் பின்னாளில் எழுதிய நினைவு நூலில் இதையெல்லாம் விவரித்திருக்கிறார். அதைப் படித்தபோது நாகப்பட்டினச் சாலைதான் என் கண்முன் வந்தது. பாசத்துக்குக் குறைவில்லை. யாருக்கு, எதற்கு என்ற கணக்குத்தான் இல்லை.

1861 ஜூனில் 'சானிட்டரி கமிஷன்' என்ற அமைப்புக்கு லிங்கனின் அரசு ஒப்புதல் தந்தது. அரசு அங்கீகாரம் உண்டு, ஆனால் பொதுமக்கள் நன்கொடையில் நடந்த அமைப்பு. அதன் முதல் பொதுச் செயலாளர், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். அந்தப் போரில் குண்டடி பட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்களே அதிகம். ஆகவே சுத்தமான படுக்கையும் போர்வையும் மருந்துக்குச் சமம். என்ன தேவை என்று மருத்துவமனைகளிலிருந்து தெரிந்துகொண்டு, கமிஷன் பெண்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. போர்வைக்கு அது சொன்ன அளவு: நீளம் சுமார் 7 அடி, அகலம் சுமார் 50 அங்குலம். துணி மலிவானதாக இருந்தால் போதும்.

ஏன் இந்த அளவு? ராணுவ மருத்துவமனைக் கட்டில் ஒடுங்கலானது. வீட்டுக் கட்டில் போர்வையை அதில் போட்டால் இரண்டு பக்கமும் தரையில் புரளும், அழுக்காகும், நோய் பரவும். ஒரு அளவுக் குறிப்பில் ஒரு மருத்துவமனையே அடங்கியிருக்கிறது, பாருங்கள்! வடிவத்தின் அழகுக்குப் பெயர்போன கைகள் அழகைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டிலின் அளவுக்குத் தைக்க உட்கார்ந்தன. வந்த பெட்டிகளைக் கிளை அலுவலகங்களில் பெண்களே பிரித்தார்கள். ஒவ்வொரு பொருளிலும் கமிஷன் முத்திரை குத்தினார்கள். ஒரே வகைப் பொருளை ஒரே பெட்டியில் அடுக்கி, பட்டியல் போட்டு அனுப்பினார்கள்.

வட மாநிலங்களில் மட்டும் போர்க்காலத்தில் சுமார் இரண்டரை லட்சம் போர்வைகள் இப்படிப் போயிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தையல் மெஷின் பல வீடுகளில் எட்டிப் பார்க்காத காலம்!

அளவு சொன்னதால் அன்பு குறைந்துவிடவில்லை. சில போர்வைகளில் காகிதச் சீட்டு குத்தியிருக்கும். ஒரு தாய் எழுதியிருந்தாள்: தன் மகனும் படையில் இருக்கிறான், ஆறு பகலும் ஏறக்குறைய ஆறு இரவும் உட்கார்ந்து தைத்தேன், இதைப் போர்த்திக்கொள்பவன் தன் தாயை நினைத்துக்கொள்ளட்டும் என்று. இன்னொரு கம்பளியை, 93 வயதுப் பாட்டி ஒருவர் மேடும் பள்ளமுமாக ஒன்றரை மைல் நடந்து வந்து கொடுத்தாராம்.

அந்த இரண்டரை லட்சத்தில் இன்று மியூசியங்களில் இருப்பவை மிக மிகக் கொஞ்சம். மற்றவை என்ன ஆயின? போர்த்திப் போர்த்திக் கிழிந்தன. இறந்த வீரர்களோடு மண்ணுக்குள் போயின. அதாவது, எந்த வேலைக்கு அனுப்பப்பட்டனவோ அந்த வேலையைச் செய்து முடித்தன.

கடல் கடந்த போர்வைகள்

இரண்டாம் உலகப் போரில் இதே கதை மறுபடி நடந்தது. 1940–41-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டன் முதலிய நகரங்களில் ஏராளமானோர் வீடிழந்தார்கள். கனடாவின் ஊர்களில் பெண்கள் சர்ச்சிலும் சமையலறையிலும் கூடி, பழைய கோட்டுத் துணி, மாவு மூட்டைத் துணி என்று கிடைத்ததைக் கொண்டு தைத்துத் தள்ளினார்கள். மூலையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்று ஒரு சின்னத் துணிச் சீட்டு மட்டும். தைத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை. மொத்தம் சுமார் நாலு லட்சம் போர்வைகள் என்பது ஒரு மதிப்பீடு.

வார்டில் ஒரு குழந்தை

போர் இல்லாத காலத்திலும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. 1995 கிறிஸ்துமஸ் சமயம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கேரன் லவுக்ஸ் என்பவர் பத்திரிகையில் ஒரு செய்தி படித்தார். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு சிறுமி, தன் சின்னப் போர்வைதான் அந்த வேதனையைத் தாங்கத் துணையாக இருந்தது என்று சொல்லியிருந்தாள். உடனே அவர் மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் போர்வை சேகரிக்கத் தொடங்கினார். சார்லஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்' கார்ட்டூனில் போர்வையைக் கைவிடாமல் இழுத்துக்கொண்டு திரியும் லைனஸ் என்ற பையனின் பெயரால் 'ப்ராஜெக்ட் லைனஸ்' பிறந்தது. இதுவரை பல லட்சம் குழந்தைகளுக்குப் போர்வை போயிருக்கிறது.

அங்கேயும் நிபந்தனை உண்டு. போர்வை புதியதாக, துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிகரெட் புகை படிந்திருக்கக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. நமக்குப் பழக்கப்பட்ட தூசியும் வாடையும் அதற்கு ஆபத்து. 1861-ன் 50 அங்குலமும் இந்த நிபந்தனையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

நம் நாட்டில் 1999-ல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறது. வந்த துணியை வகை பிரித்து, எந்த ஊருக்கு எது பொருந்தும் என்று பார்த்து அனுப்புகிறார்கள். உடுத்த முடியாத துணியைப் பெண்களைக் கொண்டு சுஜனிப் போர்வையாகத் தைக்கச் செய்கிறார்கள். சுனாமியின்போது நம் தமிழ்நாட்டில் யாருக்கும் ஆகாமல் தேங்கிய துணிகளை எடுத்துப் பயன்படுத்தியதும் இவர்கள்தான். 2015-ல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. நாங்கள் கொண்டுபோன வேனில் இருந்த ஏதாவது ஒரு சட்டையும் அவர்கள் கைக்குப் போய், ஒரு போர்வைக்குள் அடுக்காகியிருந்தால் எனக்கு நிம்மதி.

நண்பர்களே, ஒவ்வொரு சந்திப்பிலும் மேடையில் "சமூகத்துக்கு ஏதாவது செய்வோம்" என்று பேசுகிறோம், கை தட்டுகிறோம், சாப்பிட்டுக் கலைகிறோம். இந்த முறை ஒரு சின்ன வேலை. நம்மில் இருவர் போய், ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நர்ஸ் அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்டு வரட்டும். கட்டில் நீளம் அகலம் எவ்வளவு? எந்தத் துணி உங்கள் சலவைக்குத் தாங்கும்? எத்தனை வேண்டும்? "போர்வை வேண்டாம் சார், வேறொன்று வேண்டும்" என்று அவர் சொன்னால், அதையே குறித்துக்கொண்டு வரட்டும்.

துணி எடுப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஓடுதையல் போட எனக்கும் தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்தது.