மடவை (பேரினம்)

மடவை என்பது மூகில் என்னும் அறிவியற் பெயர் கொண்ட மீன் பேரினம் ஆகும். இது மூகிலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கரோலசு லின்னேயசு 1758-ஆம் ஆண்டில் இப்பேரினத்திற்குப் பெயரிட்டார். இதன் மாதிரி இனம் மூகில் செபாலசு. உலகின் வெப்பமண்டல, மிதவெப்பமண்டலக் கரைகள் பலவற்றிலும் இது காணப்படுகிறது. தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், முட்டுக்காடு போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் பிடிபடுகிறது. மலையாளத்தில் இதனைத் திருதா என்பர்.

வகைப்பாடு

'மடவை' என்னும் தமிழ்ச் சொல் இப்பேரினத்திற்கு மட்டும் உரியதன்று. மூகிலிடே குடும்பத்து மீன்கள் பலவற்றையும் மீனவர் மடவை என்றே அழைக்கின்றனர். அறிவியலாளரும் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே செய்துவந்தனர் எனலாம். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிசு டே, 1875 முதல் வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலில், இக்குடும்பத்து மீன்களுள் பலவற்றை மூகில் என்னும் ஒரே பேரினத்தின் கீழ் வைத்தார். அவற்றுட் பல பிற்காலத்தில் வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. இன்று மூகில் பேரினத்தில் எஞ்சியுள்ள இனங்களுட் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களின் கரைகளில் வாழ்பவை. மூகில் செபாலசு என்பதும் ஒரே இனமன்று, உருவத்தால் பிரித்தறிய இயலாத பல இனங்களின் தொகுதி என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

உடலமைப்பு

உருண்டு நீண்ட உடல், தட்டையான அகன்ற தலை, சிறிய வாய் ஆகியன இதன் அடையாளங்கள். முதுகில் இரண்டு துடுப்புகள் தனித்தனியே உள்ளன. முன்துடுப்பில் நான்கு முட்கள் இருக்கும். கண்ணைக் கொழுப்பாலான ஒளி ஊடுருவும் இமை மூடியிருக்கும். மூகில் செபாலசு ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது எனினும், சந்தைக்கு வருபவை பெரும்பாலும் அதிற் பாதியளவே இருக்கும்.

இம்மீனின் இரைப்பை குறிப்பிடத்தக்கது. கோழியின் அரைவைப்பையைப் போன்று அது தடித்த தசைச்சுவர் உடையது. மடவை நீரடிச் சேற்றை வாயால் அள்ளி, செவுளில் உள்ள சீப்பு போன்ற அமைப்பால் சலித்து, பருமணலை வெளியேற்றிவிடுகிறது. நுண்பாசிகளும் மட்கிய பொருள்களும் உள்ளே செல்கின்றன. உடன் செல்லும் மணல், அரைவைக்கல்லாகப் பயன்படுகிறது. ஆகவே சேற்றில் எது படிகிறதோ, அது மடவையின் வயிற்றுக்குள் போகும். ஆத்திரேலியாவில் எண்ணெய்க் கழிவு கலந்த நீரிற் பிடிபட்ட மடவைகளின் இறைச்சியில் மண்ணெண்ணெய் வாடை வீசியது 1970-களில் ஆய்வு செய்யப்பட்டது.

மடவை நீருக்கு மேல் துள்ளும் இயல்புடையது. வலையையும் தாண்டிவிடும். துள்ளுவதற்கான காரணம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. துரத்தும் மீனிடமிருந்து தப்புவது ஒரு காரணம். உயிர்வளி குறைந்த நீரில், தொண்டையின் மேற்புற அறையில் காற்றை நிரப்பிக்கொள்ளவே துள்ளுகிறது என்பது மற்றொரு கருத்து.

வாழ்க்கைச் சுழற்சி

மடவை கழிமுகத்தில் வளர்ந்தாலும் அங்கே முட்டையிடுவதில்லை. முதிர்ந்த மீன்கள் கூட்டமாகக் கடலுக்குச் சென்று முட்டையிடுகின்றன. தமிழகக் கரையில் இது வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி நிகழ்கிறது. ஒரு பெண்மீன் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் முட்டைகள் வரை இடும். முட்டைகள் மிதந்தபடியே ஏறத்தாழ இரண்டு நாட்களில் பொரிக்கின்றன. 16 முதல் 20 மில்லிமீட்டர் நீளம் வளர்ந்த குஞ்சுகள் கரையை நோக்கி வந்து, முகத்துவாரங்களின் வழியே கழிகளுக்குள் நுழைகின்றன. எனவே முகத்துவாரம் திறந்திருப்பது இம்மீனுக்கு இருமுறை தேவைப்படுகிறது: குஞ்சு உள்ளே வருவதற்கும், முதிர்ந்த மீன் வெளியே செல்வதற்கும்.

எண்ணூர்க் கழிமுகம்

கொசத்தலை ஆறு கடலிற் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்து நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. கழியிலும் அண்மைக் கடலிலும் மீன்பிடிக்கும் ஊர்களுள் இதுவும் ஒன்று. மடவையின் வழி இவ்வூரின் ஓரமாகவே செல்கிறது.

இக்கழியின் கரையில் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கி வருகிறது. சாம்பற் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால் ஆற்றுப்படுகையிலும் சதுப்பிலும் சாம்பல் படிந்தது. கழியின் ஆழமும் குறைந்தது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இச்சாம்பலை அகற்றி ஈரநிலத்தை மீட்குமாறு உத்தரவிட்டது. மிதக்கும் உணவை உண்ணும் மீன்களைக் காட்டிலும் சேற்றைச் சலித்து உண்ணும் மடவைக்கு இது நேரடியான கேடு என்பது வெளிப்படை.

2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இக்கழிமுகத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் எண்ணெயில் தோய்ந்தன. மீனவர் குவளைகளாலும் வாளிகளாலும் எண்ணெயை அள்ளினர். அது மடவைகள் கடலுக்குச் செல்லும் பருவம். மேற்பரப்பு எண்ணெயை அள்ளிவிடலாம்; அடிச்சேற்றில் இறங்கியதை அவ்வாறு அள்ள இயலாது.

பயன்பாடு

மடவை குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது. இதன் முட்டைப்பையை உப்பிட்டு உலர்த்தி இத்தாலியில் பொத்தார்கா என்றும், சப்பானில் கராசுமி என்றும் விலையுயர்ந்த உணவாக்குகின்றனர். பிரேசிலின் லகூனா நகரில், ஓங்கில்கள் இப்பேரினத்து மூகில் லிசா மீன்களைக் கரைப்பக்கம் விரட்ட, காத்திருக்கும் மீனவர் வீச்சுவலை எறிந்து பிடிக்கின்றனர்.

உவர்நீர்ப் பண்ணைகளில் வளர்க்க இது ஏற்ற மீனாகும். ஆயினும், பல நாடுகளில் வளர்ப்புக்கான குஞ்சுகள் இன்றும் முகத்துவாரங்களிலேயே பிடிக்கப்படுகின்றன. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், பண்ணையிலேயே இம்மீனை இனப்பெருக்கம் செய்விக்கும் ஆய்வுகளை மேற்கொண்டுள்ளது.