பெட்டியடியில் படித்த வணிகவியல்

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு இலங்கைக்குப் போவது சுலபமாயிற்று. பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயிலில் கொழும்பு. அப்படிப் போனவர்களில் செட்டிநாட்டு நகரத்தார் கடைகளுக்கு வேலை பழகப் போன பையன்களும் உண்டு. இன்று கல்லூரிகளில் "நிதிக் கல்வி" என்று பேசப்படுவதை அவர்கள் கடையிலேயே கற்றார்கள்.

ஊரில் இருக்கும்போதே எண்சுவடி மனப்பாடம். மாகாணி (1/16), காணி (1/80), முந்திரி (1/320) வரை பின்னக் கணக்கு வாயிலேயே வர வேண்டும். கடைக்குப் போனதும் "பெட்டியடிப் பையன்". பணப்பெட்டி அருகே இருந்து எடுபிடி வேலை செய்வான். பெரியவர்கள் எழுதும் பேரேட்டைப் பார்ப்பான், வட்டி போட்டுக் காட்டுவான், தப்பினால் திட்டு வாங்குவான். தேறினால் "அடுத்தாள்". அதற்குப் பிறகுதான் கடையை நடத்தும் ஏஜெண்ட் பொறுப்பு. கையில் உண்மையான பணம், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர். இதைவிடச் சிறந்த வகுப்பறை எது? பி.காம். பாடப்புத்தகத்தில் வரும் ராமும் கோபாலும் கூட்டு வியாபாரம் செய்து ஒரு நாளும் நஷ்டத்தில் அழுததில்லை!

ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. அது கடன் கொடுப்பவரின் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே. கடன் வாங்கியவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. 1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்தபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. நிலத்தைப் பிடுங்குவது அவர்கள் நோக்கமல்ல, பணமாகத் திரும்பினால்தான் லாபம் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். நிலம் போனது பர்மிய விவசாயிக்குத்தான்.

ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் நடத்திய நிதிக் கல்வி வாரம் முக்கியமாக மாணவர்களுக்கானது. சேமிப்பு, கூட்டு வட்டியின் பலம், இணைய மோசடி ஆகியவை பாடங்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பாம்பன் மீனவக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்குக் கணக்கு வீட்டிலேயே காத்திருக்கிறது. படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடிக்கும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பது தமிழகக் கடற்கரையில் பழைய வழக்கம்.

பெட்டியடிப் பையனைப் போல அதை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். ஒரு உதாரணத்துக்கு முன்பணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு. நாளைக்கு 20 கிலோ. வருடத்தில் 200 நாள் தொழில். விட்டுக்கொடுத்தது 40,000 ரூபாய். அதாவது வருடத்துக்கு 80 சதவீதம். அசல் 50,000 அப்படியே நிற்கிறது. வட்டியே கிடையாது என்று சொல்லிக் கொடுத்த பணம் அது.