எடை போட்டுப் பார்த்த நகல்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் டி.என்.ஏ. எனக்கு முதலில் அறிமுகமானது 'ஆ.டே.என்.' என்ற பெயரில்தான். பிரெஞ்சில் அமிலம் என்ற சொல் முன்னால் வந்துவிடும், எழுத்துகளும் இடம் மாறிவிடும். 1965-ல் பாரீஸ் பாஸ்தர் ஆய்வகத்தைச் சேர்ந்த ழகோப், ல்வோஃப், மொனோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த காலத்தில் மாணவனாக இருந்தவன் நான். அந்த ஆர்வம் இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகு அரசு அலுவலகத்தில் நான் பார்த்ததெல்லாம் அசலும் நகலும்தான். அதனாலோ என்னவோ, டி.என்.ஏ. பற்றி எதைப் படித்தாலும் என் மனம் ஒரே கேள்வியில் போய் நிற்கிறது. உயிரணு தன் ஆவணத்தை எப்படி நகல் எடுக்கிறது? அதைவிட முக்கியம், அது அப்படித்தான் எடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதையை எல்லோரும் 1953-லிருந்து ஆரம்பிப்பார்கள். நான் சற்றுப் பின்னால் போகிறேன். 1944-ல் நியூயார்க்கில் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி என்ற மூவர், ஒரு பாக்டீரியாவின் குணத்தை இன்னொன்றுக்கு மாற்றும் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். பரம்பரைக் குணம் புரதத்தில்தான் இருக்கும் என்று நம்பியிருந்த பலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் இருந்த ஆந்த்ரே புவாவேன். அவரும், ரொழே வாந்த்ரெலி, கொலெத் வாந்த்ரெலி இருவரும் மாட்டின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து உயிரணுக் கருக்களை எடுத்து, ஒரு கருவில் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று அளந்தார்கள். கல்லீரலோ கணையமோ, அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. விந்தணுவில் மட்டும் அதில் பாதி. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்ற கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. 1948-ல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே புவாவேன் இறந்துபோனார். இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

அடுத்த கட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் 1952-ல் எடுத்த எக்ஸ்ரே படம், டி.என்.ஏ. சுருள் வடிவம் கொண்டது என்பதைத் தெளிவாகக் காட்டியது. அந்தப் படம் ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலேயே ஜேம்ஸ் வாட்சனின் கண்ணில் பட்டது. 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் மாதிரியை ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகமான கட்டுரையில் வெளியிட்டார்கள்.

முறுக்கிவிட்ட ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கக் கட்டைகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும் இழைகள். ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு சேர்ந்தது. அடினின் எதிரில் தைமின்தான் வரும், குவானின் எதிரில் சைட்டோசின்தான் வரும். ஏணியை நடுவே பிளந்தால், ஒரு பாதியைப் பார்த்தே மறு பாதியை எழுதிவிடலாம். நகல் எடுக்கும் வழி இதிலிருந்து தெரிகிறது என்று அந்தக் கட்டுரையே நாசூக்காகக் குறிப்பிட்டது.

ஆனால் வழி தெரிவது வேறு, அந்த வழியில்தான் நடக்கிறது என்பது வேறு. அலுவலகத்தில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவதும், உத்தரவு கையெழுத்தாகி வருவதும் ஒன்றல்லவே! மாக்ஸ் டெல்ப்ரூக் என்ற பெரிய விஞ்ஞானி ஓர் ஆட்சேபணை எழுப்பினார். ஏறக்குறைய பத்துப் படிக்கு ஒரு சுற்று முறுக்கிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளைச் சிக்கல் இல்லாமல் எப்படிப் பிரிப்பது? நியாயமான கேள்வி. ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் படிகள். அப்படியானால் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுகளைப் பிரிக்க வேண்டும்.

ஆகவே மூன்று வழிகள் பேசப்பட்டன. முதலாவது, அசல் முழுசாக அப்படியே இருக்க, முழுப் புதிய நகல் ஒன்று உண்டாவது, நாம் ஜெராக்ஸ் எடுப்பதுபோல. இரண்டாவது, அசல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு புதுப் பாதியைச் சேர்த்துக்கொள்வது. மூன்றாவது, பழையதும் புதியதும் துண்டு துண்டாக எல்லா இழைகளிலும் கலந்துவிடுவது.

இதைத் தீர்த்து வைத்தவர்கள் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள், மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும். அவர்கள் செய்தது, எளிமையாகச் சொன்னால், எடை போட்டது. சாதாரண நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன்-15 கலந்த உணவில் ஈ.கோலையைப் பதினான்கு தலைமுறை வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு சட்டென்று சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். அந்த நிமிடத்திலிருந்து சேரும் புதிய சரக்கு எல்லாம் லேசானது, பழையது எல்லாம் கனமானது. இரண்டுக்கும் அடையாளம் வைத்தாகிவிட்டது.

அவ்வப்போது கொஞ்சம் எடுத்து, சீசியம் குளோரைடு உப்புக் கரைசலில் கலந்து, நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் சுமார் 20 மணி நேரம் சுழற்றினார்கள். டி.என்.ஏ. தன் அடர்த்திக்கு ஏற்ற மட்டத்தில் போய் ஒரு பட்டையாக நின்றுவிடும்.

ஒரு தலைமுறை கழிந்ததும் ஒரே ஒரு பட்டைதான் தெரிந்தது, கனத்துக்கும் லேசுக்கும் சரியாக நடுவில். ஜெராக்ஸ் முறையாக இருந்தால் கனமாக ஒன்றும் லேசாக ஒன்றும் இருந்திருக்க வேண்டும். முதல் வழி அடிபட்டுப் போயிற்று. இரண்டாம் தலைமுறையில் இரண்டு பட்டைகள். பாதி நடுவில், பாதி லேசான இடத்தில். எல்லாம் துண்டாகக் கலந்திருந்தால் ஒரே பட்டைதான் மெல்ல லேசான பக்கம் நகர்ந்திருக்கும். மூன்றாவது வழியும் போயிற்று. மிஞ்சியது ஏணி பிளக்கும் வழிதான். 1958-ல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், ஏப்ரல் 16 அன்று, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 37 வயதில் காலமாகியிருந்தார்.

டெல்ப்ரூக்கின் கேள்விக்கும் பின்னால் பதில் கிடைத்தது. இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும் நொதி ஒன்றை 1971-ல் ஜேம்ஸ் வாங் அறிவித்தார். இதற்கிடையே இன்னொரு சிக்கலும் தீர்ந்திருந்தது. ஏணியின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. எழுதும் நொதிக்கோ ஒரே திசையில்தான் எழுத வரும். அதனால் ஓர் இழை தொடர்ச்சியாகவும், மற்றொன்று சிறு சிறு துண்டுகளாகவும் எழுதப்பட்டுப் பிறகு ஒட்டப்படுகிறது என்று 1960-களின் இறுதியில் ஜப்பானின் ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி காட்டினார்கள். ஹிரோஷிமாவில் பிறந்த ரெய்ஜி 1975-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 44. அவர் மனைவி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

என்னை அதிகம் கவர்ந்தது சரிபார்க்கும் ஏற்பாடு. முன்பெல்லாம் பத்திரத்துக்கு நகல் எழுதினால் ஒருவர் அசலைப் படிக்க, இன்னொருவர் நகலைப் பார்த்து ஒப்பு நோக்குவார். இங்கே எழுதுகிற நொதியே, தவறான எழுத்தைப் போட்டுவிட்டால், ஓர் அடி பின்வாங்கி அதை நீக்கிவிட்டு மேலே போகிறது. அதற்குப் பிறகும் தப்பியதைத் தேடித் திருத்த வேறு நொதிகள் இருக்கின்றன. இவ்வளவும் முடிந்தபின் தங்கும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். அந்தப் பிழைகளில் சில நோயாகின்றன. சில தலைமுறைகள் தாண்டி, புது இனங்கள் தோன்றவே காரணமாகின்றன. பிழையே இல்லாத நகல் என்றிருந்தால் இதைப் படிக்க நீங்களும் நானும் வந்திருக்க மாட்டோம்.

வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் 1962-ல் நோபல் கிடைத்தது. மெசல்சனுக்கும் ஸ்டாலுக்கும் கிடைக்கவில்லை. அழகான மாதிரியைப் பார்த்து உலகமே தலையாட்டியபோது, 'பொறுங்கள், எடை போட்டுப் பார்த்துவிடலாம்' என்று உட்கார்ந்தவர்கள் அவர்கள். டி.என்.ஏ. பற்றிப் பேச்சு வரும்போது பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பெயர்களையும், கூடவே ஸ்ட்ராஸ்பூர்க்கின் புவாவேன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.