மக்கள் பங்கேற்புக் கணக்கில் மாஞ்சோலை எங்கே?

காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காதில் விழும். யார் அந்த மக்கள், அவர்கள் பெயரில் வந்த பணம் யாருக்குப் போனது என்று கேட்டால் மேடை தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியோடுதான் நாம் படிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காப்பகத்தின் நடுவில்தான் மாஞ்சோலை இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் நாம் இழந்த 17 பேரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நிலத்தின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த காட்டில் 8,373 ஏக்கரை, 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். ஜமீன் வாரிசு ஒருவர் கொலை வழக்கில் சிக்கியதாகவும், வழக்குச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டதால் காடு குத்தகைக்குப் போனதாகவும் அம்பாசமுத்திரம் பக்கம் இன்றும் சொல்வார்கள். கம்பெனியின் பூர்வீகமும் காடுதான். பர்மாவில் தேக்கு வெட்டிய கம்பெனி அது. வெட்டிய மரத்துக்குக் கணக்கு சரியில்லை என்று பர்மிய அரசு அபராதம் போட, அதையே சாக்காக வைத்து 1885இல் பிரிட்டிஷார் படையெடுத்து அந்த நாட்டையே பிடித்தார்கள். ஒரு மரக்கம்பெனிக்காக ஒரு ராஜ்ஜியம் கவிழ்ந்தது என்றால், நம் மலையில் அதைக் கேள்வி கேட்க யார் இருந்தார்கள்?

மழைக்காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் வேண்டும். கங்காணிகள் மூலம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கூலிகள் மலையேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் நம் மக்கள். கீழே பண்ணையாரின் வயலில் நின்றவர்கள் மேலே துரையின் மலையில் நின்றார்கள். அட்டைக்கடி, குளிர், காய்ச்சல், யானை எல்லாவற்றையும் தாங்கி மாஞ்சோலை, கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து எஸ்டேட்டுகளை உருவாக்கினார்கள்.

ஜமீன் ஒழிப்பு 1952இல் சிங்கம்பட்டிக்கு வந்தது. ராஜாவின் நிலம் அரசுக்குப் போனது, குத்தகை மட்டும் அப்படியே நின்றது. தொழிலாளிக்கோ ஒரு சென்ட் கூட வரவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது உண்மை. ஆனால் அது வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை முடிந்தால் லயனைக் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறையாகக் குடியிருந்தும் முகவரி கம்பெனியுடையது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இனி புலிக்கு வருவோம். முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயம் ஆனது. களக்காடு 1976இல் சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. 1990களின் நடுவில் உலக வங்கிக் கடனுதவியோடு இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. விறகுச் சுமை எடுக்கப் போகும் பெண்களையும் ஆடு மாடு மேய்க்கப் போகிறவர்களையும் காட்டுக்குள் போகாமல் தடுப்பதுதான் நோக்கம். அதற்குப் பதிலாகக் குழு வழியாகச் சிறுகடன், சாண எரிவாயு, விறகு மிச்சமாகும் அடுப்பு.

இதில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். விடிகாலையில் மலையேறி, தலையில் சுமையோடு காவலருக்குப் பயந்து இறங்கிய பெண்ணுக்கு, கந்துவட்டி இல்லாத ஒரு கடன் பெரிய விஷயம்தான். ஆனால் இந்த மாதிரித் திட்டங்களின் அடிப்படைக் கணக்கைப் பாருங்கள். அதே காலத்தில் பெரியாறு, நாகரஹொளே உட்பட ஏழு இடங்களில் நடந்த இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், செலவில் 25 சதவீதம் மக்களின் பங்காக வர வேண்டும் என்று விதி இருந்தது. பணமாகவோ உழைப்பாகவோ தரலாம். நிலமுள்ளவர் பணத்தைத் தருவார். நிலமில்லாதவர் எதைத் தருவார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. காட்டை நம்பி அதிகம் வாழ்ந்தவர்தான் அதிகம் விட்டுக்கொடுக்கிறார், அவரே பங்குத்தொகையும் கட்டுகிறார்.

பெரியாறில் ஒரு நல்ல பாடமும் உண்டு. திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்தவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றினார்கள், வழக்குகளிலிருந்து விடுவித்து வருமானத்துக்கு வழி செய்தார்கள். வெளிநாட்டுப் பணம் 2004இல் நின்ற பிறகும், சுற்றுலாப் பயணிகளிடம் வசூலாகும் தொகையைக் கொண்டு ஓர் அறக்கட்டளை வழியாக வேலை தொடர்ந்தது. 2006இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை என்று சட்டமே சொன்னது. ஆக, மனமிருந்தால் குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவரையும் பங்காளி ஆக்க முடியும். தேயிலை பறித்தவரை ஏன் ஆக்க முடியவில்லை?

அந்த 1990களில் மலைமேல் என்ன நடந்தது? கூலி உயர்வு கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். சிறையிலிருந்த 600க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கக் கோரியும் கூலிக்காகவும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேரணி போனது. தடியடி, விரட்டல், ஆறு. இறந்த 17 பேரில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. ஒவ்வொரு ஜூலை 23லும் ஆற்றில் மலர் தூவுகிறோம். ஆனால் ஆறு எங்கிருந்து வருகிறதோ அந்த மலையில் நம்மவர்களுக்கு என்ன உரிமை என்ற வழக்கை நாம் போதுமான அளவு நடத்தவில்லை. இதைச் சுயவிமர்சனமாகவே சொல்கிறோம்.

2007 டிசம்பர் கடைசியில், வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாட்களில், காப்பகத்தின் 895 சதுர கிலோமீட்டர் புலிகளின் முக்கிய வாழிடமாக அறிவிக்கப்பட்டது. வன உரிமைச் சட்டம் இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. காணிக்காரர் போன்ற பழங்குடிகள் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் காட்டில் குடியிருந்து அதை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். 75ஐக் கழித்துப் பாருங்கள்: 1930 டிசம்பர் 13. குத்தகை 1929. மயிரிழையில் நிற்கிறது நம் உரிமை. முதலில் மலையேறியவர்களின் பெயர் இருந்த செக்ரோல் கம்பெனி எழுதி வைத்தது. லயன் வீடும் கம்பெனியுடையது. அதற்கும் மேலாக, கூலிக்கு வந்தவர் 'பாரம்பரிய வனவாசி' ஆவாரா என்ற வாதம்.

பாரம்பரியம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதே காப்பகத்துக்குள் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குத் தோல்செருப்பு காணிக்கை. முத்துப்பட்டன் கதையில் வரும் பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள். ஆடி அமாவாசைக்கு அந்தக் காட்டில் குவிகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள், காடு பழங்குடிக்கும் புலிக்கும் மட்டும் தெரிந்த இடம் என்று சொல்லமாட்டார்கள்.

எஸ்டேட் நிலத்துக்குப் பட்டா கேட்ட கம்பெனியின் வழக்கு உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2018இல் அந்த நிலம் காப்புக்காடு ஆனது. குத்தகை 2028இல் முடியும் என்றிருக்க, 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று கடிதம் நீட்டி வேலையை நிறுத்தியது. டேன்டீ ஏற்று நடத்தட்டும், வன உரிமை தரட்டும் என்று போன மனுக்களை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வீடும் கடனுதவியும் பயிற்சியும் தருவதாக அரசு சொன்னது. இங்கே ஒரு கணக்கைப் போடுங்கள். புலிகள் காப்பகத்திலிருந்து விரும்பி வெளியேறும் வனவாசிக் குடும்பத்துக்கு மத்திய அரசின் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய், 2021 முதல் 15 லட்சம். மாஞ்சோலைக் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் சட்டப்படி வெளியேற்றப்படவில்லை, ஓய்வு பெற்றார்கள்!

காடு திரும்பட்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை. தாமிரபரணித் தண்ணீரில் நாற்று நடுகிறவர்களும் நம் பெண்கள்தான். ஆனால் அழித்த கம்பெனிக்கு 95 ஆண்டு லாபம், நட்ட கைக்கு வெறுங்கை என்பதைப் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டோம். காட்டை மீட்கும் வேலைக்கு ஆள் வேண்டுமே, அந்த மலையின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர்களுக்கு அந்த வேலையும் கூலியும் ஏன் முதலில் போகக்கூடாது?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மலையிறங்கிய குடும்பங்கள் இப்போது கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, நெல்லை என்று சிதறிக் கிடக்கின்றன. பழைய சம்பளச் சீட்டு, எஸ்டேட் பள்ளிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கல்லறையில் வெட்டிய ஆண்டு எதுவானாலும் படமெடுத்து, யார் வீட்டுடையது என்று எழுதி வையுங்கள். தாத்தா பாட்டிகள் எந்த வருடம் மலையேறினார்கள் என்று குரலைப் பதிவு செய்யுங்கள். முதலில் வயதானவர்களிடம் போங்கள்.