வீரர் தேர்வுரிமைப் பரிமாற்றம்

வீரர் தேர்வுரிமைப் பரிமாற்றம் என்பது தொழில்முறை விளையாட்டு லீக்குகளில், ஒரு வீரரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளும் உரிமையை ஓர் அணி மற்றோர் அணிக்கு விட்டுக்கொடுக்கும் முறை ஆகும். வட அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தில் (என்.பி.ஏ.) வீரர்கள் மட்டுமன்றி, வருங்கால வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கைமாறுகிறது. அவ்வீரர் யாரென்பது பரிமாற்றத்தின்போது எவருக்கும் தெரியாது. இந்தியன் பிரீமியர் லீக் (ஐ.பி.எல்.) துடுப்பாட்டத் தொடரிலோ பெயர் தெரிந்த வீரர் மட்டுமே கைமாற முடியும். உரிமையைக் காத்துக்கொள்வதற்காக முன்னதில் பாதுகாப்பு நிபந்தனைகளும், பின்னதில் தக்கவைத்தல், ஆர்.டி.எம். அட்டை ஆகியனவும் பயன்படுத்தப்படுகின்றன.

அடிப்படைக் கருத்து

அணிகளின் வலிமை ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் போட்டி சுவைக்கும். தமிழ்நாட்டுச் சிறுவர் விளையாட்டுகளில் காணப்படும் உத்தி பிரித்தல் இக்கருத்தின் எளிய வடிவம் எனலாம். சம திறமையுள்ள இருவர் தனியே சென்று தமக்கு மறைபெயர்கள் சூட்டிக்கொண்டு வருவர். தலைவர்களுள் ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, அப்பெயருக்கு உரியவர் அவர் பக்கமும், மற்றவர் எதிர்ப்பக்கமும் சேர்வர். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இயலாததால் வலிமை இரு பக்கமும் பிரிந்துவிடுகிறது.

தொழில்முறை லீக்குகள் இதே நோக்கத்தை இரு வழிகளில் அடைய முயல்கின்றன. ஒன்று, அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறை. மற்றொன்று, எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பண வரம்பு விதித்து நடத்தப்படும் ஏல முறை. என்.பி.ஏ. முதல் வழியையும், ஐ.பி.எல். பெரும்பாலும் இரண்டாம் வழியையும் பின்பற்றுகின்றன.

கூடைப்பந்தாட்டத்தில் தேர்வுரிமை

என்.பி.ஏ.வின் 30 அணிகளும் ஆண்டுதோறும் இரண்டு சுற்றுகளாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. வேண்டுமென்றே கடைசி இடத்துக்குச் செல்வதைத் தடுக்க, முதல் இடங்கள் குலுக்கல் மூலம் முடிவு செய்யப்படுகின்றன. 2019ஆம் ஆண்டுக் குலுக்கல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மிகப் பின்தங்கிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பை 14 விழுக்காடாகச் சமப்படுத்தியது.

ஓர் அணி தன் தேர்வுரிமையை ஏழு ஆண்டுகள் முன்கூட்டியே மற்றோர் அணிக்குக் கொடுக்கலாம். ஆயினும் அடுத்தடுத்த இரு வருங்கால ஆண்டுகளில் முதற்சுற்றுத் தேர்வுரிமை ஏதுமின்றி நிற்கும் நிலை ஏற்படலாகாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் தேர்வுரிமைகளைத் தாராளமாகக் கொடுத்துவிட்டதால் உருவான இவ்விதி, அவர் பெயராலேயே ஸ்டெப்பியன் விதி எனப்படுகிறது.

பாதுகாப்பு நிபந்தனை

கொடுக்கும் அணி எதிர்பாராமல் மிகவும் பின்தங்கிவிட்டால், விலைமதிப்புள்ள உரிமையை இழக்க நேரிடும். இதனைத் தவிர்க்கவே பாதுகாப்பு நிபந்தனை சேர்க்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, "முதல் ஐந்து இடங்களுக்குப் பாதுகாப்பு" என்றால், தேர்வுரிமை 1 முதல் 5 வரையான இடங்களில் அமையும்போது அது கொடுத்த அணியிடமே தங்கிவிடும். 6 அல்லது அதற்குப் பிந்தைய இடமாயின் பெறும் அணிக்குச் சென்றுவிடும். தங்கிவிட்டால் கடன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும், அல்லது ஒப்பந்தப்படி இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையாக மாறும். இரு அணிகளின் இடங்களுள் மேலானதைப் பெறும் அணி எடுத்துக்கொள்ளும் மாற்றுரிமையும் வழக்கில் உண்டு.

2012ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி, ஸ்டீவ் நாஷைப் பெறுவதற்காக பீனிக்ஸ் அணிக்குக் கொடுத்தவற்றுள் 2015ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தேர்வுரிமையும் ஒன்று. அது முதல் ஐந்து இடங்களுக்குப் பாதுகாக்கப்பட்டிருந்தது. பீனிக்ஸ் அவ்வுரிமையைப் பின்னர் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லேக்கர்ஸுக்கு இரண்டாம் இடமே கிடைத்ததால் உரிமை கைமாறவில்லை. பாதுகாப்பு முடிந்த 2018இல்தான் 10ஆம் இடமாக அது பிலடெல்பியாவைச் சேர்ந்தது. நாஷ் 2015இலேயே ஓய்வு பெற்றிருந்தார்.

இதற்கு மாறாக, 2013இல் புரூக்ளின் அணி மூத்த வீரர்களைப் பெறுவதற்காக பாஸ்டன் அணிக்குப் பல ஆண்டு உரிமைகளைப் பாதுகாப்பின்றிக் கொடுத்தது. அவற்றின் பயனாகவே பாஸ்டன் 2016இல் ஜெய்லன் பிரவுனையும் 2017இல் ஜேசன் டேட்டமையும் பெற்றது.

இந்தியாவில் பிறந்து இத்தேர்வில் இடம்பெற்ற முதல் வீரர் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் ஆவார். 2015இல் டாலஸ் அணி அவரை 52ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. எனினும் என்.பி.ஏ. பருவப் போட்டி எதிலும் அவர் ஆடவில்லை.

இந்தியன் பிரீமியர் லீக்கில்

ஐ.பி.எல். முதல் ஏலம் 2008 பெப்ரவரி 20 அன்று நடைபெற்றது. சில அணிகளுக்கு உள்ளூர் நட்சத்திர வீரர்கள் ஏலமின்றி ஒதுக்கப்பட்டனர். அணியில் அதிக விலை பெற்ற வீரரைவிட 15 விழுக்காடு கூடுதல் தொகை அவர்களுக்கு வழங்கப்பட வேண்டியிருந்தது. அவ்வாறு எவரும் ஒதுக்கப்படாத சென்னை சூப்பர் கிங்ஸ், 15 இலட்சம் டாலருக்கு மகேந்திரசிங் தோனியை வாங்கியது. அதே ஆண்டு 19 அகவைக்குட்பட்ட வீரர்களுக்கு மட்டும் டிராஃப்ட் நடத்தப்பட்டது. அதில் டெல்லி அணி பிரதீப் சங்வானைத் தேர்ந்தெடுக்க, விராட் கோலி பெங்களூர் அணிக்குச் சென்றார்.

2015ஆம் ஆண்டுத் தேர்வு

2015 சூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநிறுத்தப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த புனே, குஜராத் (ராஜ்கோட்) அணிகளுக்காக 2015 திசம்பர் 15 அன்று டிராஃப்ட் நடைபெற்றது. அணி உரிமை தலைகீழ் ஏலத்தில் வழங்கப்பட்டிருந்தது. புனே உரிமையாளர் மைனஸ் 16 கோடி ரூபாயும், குஜராத் உரிமையாளர் மைனஸ் 10 கோடி ரூபாயும் கேட்டிருந்தனர். குறைந்த தொகை கேட்டதால் முதல் தேர்வு புனேக்குக் கிடைத்தது.

தேர்வு வரிசை பின்வருமாறு:

புனே: தோனி, அஜின்கியா ரகானே, ரவிச்சந்திரன் அசுவின், ஸ்டீவ் சிமித், பாஃப் டு பிளெசி
குஜராத்: சுரேஷ் ரைனா, ரவீந்திர ஜடேஜா, பிரண்டன் மெக்கல்லம், ஜேம்ஸ் ஃபால்க்னர், டுவைன் பிராவோ

ஒவ்வோர் அணியின் முதல் வீரருக்கும் 12.5 கோடி ரூபாய், அடுத்தவர்களுக்கு முறையே 9.5, 7.5, 5.5, 4 கோடி ரூபாய் என ஊதியம் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது.

தக்கவைத்தலும் ஆர்.டி.எம். அட்டையும்

பெரிய ஏலத்துக்கு முன் ஓர் அணி குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வீரர்களைத் தக்கவைக்கலாம். அதற்குரிய தொகை அணியின் ஏல வரம்பிலிருந்து கழிக்கப்படும். 2014இல் வரம்பு 60 கோடி ரூபாயாக இருந்தபோது, ஐவரைத் தக்கவைத்த சென்னை அணிக்கு 39 கோடி கழிக்கப்பட்டது.

தக்கவைக்கப்படாத வீரரை ஏலத்தில் மற்றோர் அணி எடுத்தால், அதே விலையைக் கொடுத்து அவரை மீட்கும் உரிமையே ஆர்.டி.எம். அட்டை. இது 2014இல் அறிமுகமானது. 2018இல் சென்னை இவ்வழியில் பிராவோவை 6.4 கோடிக்கும், டு பிளெசியை 1.6 கோடிக்கும் மீட்டது. 2022 ஏலத்தில் இவ்வுரிமை இல்லை. 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடைபெற்ற ஏலத்தில், அதிக விலை கேட்ட அணி ஒருமுறை தன் விலையை உயர்த்தலாம் என்னும் திருத்தத்துடன் அது மீண்டும் வந்தது. ரச்சின் ரவீந்திராவுக்கு பஞ்சாப் 3.2 கோடி கேட்டிருந்தது. சென்னை அட்டையைப் பயன்படுத்தியதும் பஞ்சாப் விலையை 4 கோடியாக உயர்த்த, சென்னை அத்தொகைக்கே அவரை மீட்டது.

பரிமாற்றம்

ஐ.பி.எல். பரிமாற்றம் வீரருக்கு வீரர் என்ற முறையிலோ, முழுவதும் பணமாகவோ நடைபெறும். ஏல முறையில் வருங்காலத் தேர்வுரிமை என ஒன்று இல்லாததால், அதனைக் கைமாற்றவும் வழியில்லை. என்.பி.ஏ.வில் பெரும்பாலான வீரர்களின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஐ.பி.எல். விதிகளிலோ வீரரின் ஒப்புதல் கட்டாயமாகும். ஆனால் வீரர் தாமாகவே வேறு அணியுடன் பேச முடியாது. ராஜஸ்தான் அணியில் இருந்தபோது அவ்வாறு பேசியதற்காக ஜடேஜா 2010ஆம் ஆண்டுத் தொடர் முழுவதும் தடை செய்யப்பட்டார். 2012 ஏலத்தில் சென்னை அவரை 20 இலட்சம் டாலருக்கு வாங்கியது. 2025 நவம்பரில் ராஜஸ்தான் தலைவர் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றனர். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

எடுத்துக்காட்டு: ரவிச்சந்திரன் அசுவின்

தியாகராய நகரை அடுத்து, மாம்பலம் தொடர்வண்டிப் பாதைக்கு மறுபுறம் உள்ள மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர் அசுவினின் ஐ.பி.எல். வாழ்வில் மேற்கூறிய விதிகளுள் பெரும்பாலானவற்றைக் காணலாம்.

2009: உள்ளூர் வீரராகச் சென்னை அணியில் முதல் ஆட்டம்.
2011: தக்கவைக்கப்படவில்லை; ஏலத்தில் 8,50,000 டாலருக்குச் சென்னை மீண்டும் வாங்கியது.
2014: சென்னை தக்கவைத்த ஐவருள் ஒருவர்.
2015: டிராஃப்ட் வழியே புனே, 7.5 கோடி.
2018: ஏலத்தில் பஞ்சாப், 7.6 கோடி. தக்கவைத்தலும் அட்டையும் சேர்த்து மூன்று இந்தியப் பன்னாட்டு வீரர்களுக்கே அனுமதி இருந்தது. தோனி, ரைனா, ஜடேஜா மூவரையும் சென்னை முன்னரே தக்கவைத்திருந்ததால், அசுவினுக்கு அட்டையைப் பயன்படுத்த இயலவில்லை.
2019: பரிமாற்றம் மூலம் டெல்லி.
2022: ஏலத்தில் ராஜஸ்தான், 5 கோடி.
2024: ஏலத்தில் சென்னை, 9.75 கோடி.

பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2025 பருவத்தில் சொந்த ஊர் அணிக்கு ஆடிய அவர், அவ்வாண்டு ஆகத்து 27 அன்று ஐ.பி.எல். போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

திறனாய்வு

பாதுகாப்பு நிபந்தனை தோல்வியை இலாபமாக்கிவிடுகிறது என்பது முதன்மையான குறை. டாலஸ் அணி நியூயார்க்குக்குக் கொடுக்கவேண்டிய 2023ஆம் ஆண்டுத் தேர்வுரிமை முதல் பத்து இடங்களுக்குப் பாதுகாக்கப்பட்டிருந்தது. அப்பருவத்தின் இறுதியில் சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் முன்னணி வீரர்களுக்கு ஓய்வளித்ததற்காக டாலஸுக்கு 7,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆயினும் அவ்வணிக்கு 10ஆம் இடம் கிடைத்து, உரிமை அதனிடமே தங்கியது.

ஏல முறையில் தோற்பதால் வரும் ஆதாயம் குறைவு. ஆனால் முழுப்பணப் பரிமாற்றத்தில் அணிகள் தமக்குள் கொடுக்கும் தொகை ஏல வரம்பில் சேர்வதில்லை. பொதுவாக வெளியிடப்படுவதும் இல்லை. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத் டைட்டன்சிலிருந்து மும்பைக்கு மாறியபோது கொடுக்கப்பட்ட தொகை அறிவிக்கப்படவில்லை. இதனால் சம வரம்பு என்ற நோக்கம் தளர்கிறது என்னும் கருத்து நிலவுகிறது.

இவற்றையும் பார்க்க

இந்தியன் பிரீமியர் லீக்
சென்னை சூப்பர் கிங்ஸ்
தேசிய கூடைப்பந்துச் சங்கம்
ரவிச்சந்திரன் அசுவின்
சத்னாம் சிங்
உத்தி பிரித்தல்