பாதித் தூரமும் முழு வெற்றியும்: ஒலிம்பிக் மகளிர் எண்மர் படகுப் போட்டி, 1976–1988

மகளிர் துடுப்புப் படகுப் போட்டி 1976இல் மான்ட்ரியாலில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது அதற்கு வகுக்கப்பட்ட தூரம் 1000 மீட்டர். ஆண்கள் வலித்தது 2000 மீட்டர். இந்தப் பாதித் தூரம் பற்றி ஆய்வாளரிடையே ஒரு விளக்கம் நிலைபெற்றுவிட்டது. 1000 மீட்டர் என்பது வேக ஓட்டம், அதில் உடற்கட்டுதான் வெல்லும், ஆகவே உடற்கட்டை அரசே வளர்த்துக் கொடுத்த கிழக்கு ஜெர்மனி அங்கே கொடிகட்டிப் பறந்தது என்பார்கள். 1985 உலகப் போட்டியிலும் 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் தூரம் இரட்டிப்பானதும் மகளிர் பந்தயம் தன் இயல்பான நிலைக்குத் திரும்பியது என்பது அதன் தொடர்ச்சி. படிக்க ஒழுங்காக இருக்கும் இவ்விளக்கத்தை முடிவுப் பட்டியல்கள் தாங்கவில்லை என்பதே என் வாதம்.

முதலில் பதக்கக் கணக்கு. பாதித் தூரத்தில் நடந்த 1976 போட்டியின் ஆறு பிரிவுகளில் கிழக்கு ஜெர்மனி நான்கில் தங்கம் வென்றது. 1980இல் மாஸ்கோவிலும் நான்கு. 1984இல் அது லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவில்லை. முழுத் தூரத்தில் நடந்த 1988இல் ஆறில் ஐந்து தங்கம் அதற்குத்தான். தவறியது இருவர் படகு ஒன்று மட்டுமே, அது ருமேனியாவுக்குப் போனது. ஆதிக்கம் குறுகிய தூரத்தின் விளைவு என்றால் தூரம் நீண்டதும் அது தளர்ந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது.

இருந்தாலும் பதக்க எண்ணிக்கை முரடான அளவுகோல். எண்மர் படகின் நேரப் பட்டியலைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய விளக்கம் சான்றாக நீட்டுவதும் அதையே. வென்ற படகின் நேரம் 1976இல் 3:33.32. நான்கே ஆண்டு கழித்து, அதே தூரத்தில், அதே நாட்டின் படகு 3:03.32இல் வந்து சேர்ந்தது. சரியாக முப்பது வினாடி வித்தியாசம். இதைப் பயிற்சியின் வளர்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. படகுத் துறையில் ஒரு நாள் நின்றவர் அப்படி எழுதமாட்டார். ஆயிரம் மீட்டரில் முப்பது வினாடியைக் காற்றுதான் தரும், காற்றுதான் பறிக்கும். எதிர்காற்றில் துடுப்பின் அலகு ஒவ்வொரு முறை நீரைவிட்டு எழும்போதும் படகு பின்னால் இழுபடும். பின்காற்றில் அதே படகு வழுக்கிக்கொண்டு போகும். வெவ்வேறு நாட்களின் தனி நேரங்களை ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது என்பதற்கு இந்த முப்பது வினாடியே போதும்.

ஒரே காற்றில், ஒரே நீரில் வலித்த படகுகளுக்கு இடையிலான இடைவெளியைத்தான் நம்பலாம். அதையும் வென்றவரின் நேரத்துக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிட வேண்டும். 1976இல் முதல் படகுக்கும் இரண்டாவதாக வந்த சோவியத் படகுக்கும் இடையே 2.85 வினாடி, அதாவது 1.34 விழுக்காடு. 1980இல் 0.53. அமெரிக்கா 2:59.80இல் வென்ற 1984இல், ருமேனியா 1.07 வினாடி பின்தங்கியது: 0.60. பிறகு தூரம் இரட்டிப்பாகிறது. சியோலில் கிழக்கு ஜெர்மனி 6:15.17, ருமேனியா 6:17.44, இடைவெளி 0.61. மூன்றாவதாக வந்த படகைக் கணக்கில் எடுத்தாலும் இதே கதைதான்: 1984இல் நெதர்லாந்து 1.74 விழுக்காடு பின்னால், 1988இல் சீனா 1.78 விழுக்காடு பின்னால்.

வென்றவர் மாறினார், தூரம் இரண்டு மடங்காயிற்று, ஒரு பெரிய போட்டியாளர் நாடு திரும்பி வந்தது. அப்போதும் படகுகளுக்கு இடையிலான விகிதம் அசையவில்லை. இரண்டே பந்தயங்களைக் கொண்டு விதி வகுக்கக் கூடாது என்பதை அறிவேன். பொருத்தத்தில் தற்செயலின் பங்கும் இருக்கலாம். ஆனால் 1000 மீட்டர் வேறு வகைப் பந்தயம், வேறு வகை உடலுக்கான பந்தயம் என்று சொல்கிறவர்தான், அந்த வேறுபாடு பட்டியலில் எங்கே தெரிகிறது என்று காட்ட வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

தெரியாததில் வியப்பும் இல்லை. மூன்று, மூன்றரை நிமிடம் ஓயாமல் வலிப்பது வேக ஓட்டமாகாது. தடகளத்தில் 1972 முதல் ஒலிம்பிக் மகளிர் ஓடிவந்த 1500 மீட்டர் நான்கு நிமிடத்தை ஒட்டி முடியும். அதை யாரும் உடற்கட்டின் பந்தயம் என்பதில்லை. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு வலிப்பு என்று வைத்தாலும் பாதித் தூரத்தில் நூறுக்கு மேல் வலிப்பு வரும். ஐம்பதாவது வலிப்பிலேயே தொடை எரியத் தொடங்கிவிடும், மூச்சு வாய்க்கு வந்துவிடும். தமிழில் வலி என்ற சொல் இழுப்பதற்கும் ஆற்றலுக்கும் நோவுக்கும் பொதுவாக இருப்பதன் பொருத்தம் அந்த இடத்தில் புரியும்.

எதிர்வாதம் ஒன்றை நானே முன்வைக்கிறேன். முழுத் தூரம் வந்தபின் 1985, 1986 உலகப் போட்டிகளில் எண்மர் தங்கத்தை சோவியத் ஒன்றியமும், 1987இல் ருமேனியாவும் வென்றன. தூரம் நீண்டதும் கிழக்கு ஜெர்மனி சறுக்கியதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் 1978, 1979, 1981, 1982, 1983 உலகப் போட்டிகளிலும் எண்மர் தங்கம் சோவியத்துக்கே போயிற்று. அவை அனைத்தும் 1000 மீட்டர். பழைய விளக்கத்துக்கு வேண்டிய சறுக்கல், தூரம் மாறுவதற்கு ஏழு ஆண்டு முன்பே நிகழ்ந்துவிட்டது. ஊக்கமருந்தைச் சொல்வாருண்டு. கிழக்கு ஜெர்மனி அரசே திட்டமிட்டு மருந்து கொடுத்தது ஆவணங்களால் உறுதியானது; அந்த உடல்களுக்கு நேர்ந்த கொடுமையை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அது இரு தூரங்களிலும் இருந்தது. தூரம் பற்றிய கேள்விக்கு அதில் விடை கிடையாது.

அப்படியானால் பாதித் தூரம் என்னதான் செய்தது? பெண்கள் செய்த வேலையை ஆண்களுடையதோடு ஒப்பிட முடியாமல் ஆக்கியது. மான்ட்ரியாலில் ஆண்கள் எண்மர் 5:58.29இல் 2000 மீட்டரைக் கடந்தனர். அந்த எண்ணின் பக்கத்தில் 3:33.32 என்பதை எழுதி என்ன சொல்ல முடியும்? 1988இல்தான் 5:46.05, 6:15.17 என்ற இரண்டும் ஒரே நெடுக்கையில் நின்றன. எட்டு விழுக்காட்டுக்குச் சற்றே மேற்பட்ட வேறுபாடு முதல் தடவையாக ஒலிம்பிக் பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்தது. பெண்களின் 1000 மீட்டர் 1954 ஐரோப்பியப் போட்டியிலிருந்தே வருவது. கிழக்கு ஜெர்மனியின் ஆதிக்கத்துக்கு மிகவும் முந்தியது அது. அதன் தோற்றத்தை உடல்வலுவின் அரசியலில் தேடாமல், பெண் உழைப்பைத் தனி ஏட்டில் பதியும் பழக்கத்தில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கு வலுவான சான்று தூரத்தில்கூட இல்லை, நால்வர் இரட்டைத் துடுப்புப் படகில் இருக்கிறது. 1976இல் இப்பிரிவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்ந்தே அறிமுகமானது. ஆண்கள் படகில் நால்வர். பெண்கள் படகில் ஐவர்: வலிக்க நால்வர், வழி சொல்லிச் சுக்கான் பிடிக்க ஒரு காக்ஸ். மூச்சு, தசை, இதயம் என எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது அந்த ஐந்தாம் ஆளை விளக்காது. மெலிந்த உடலைக் காப்பதுதான் நோக்கமென்றால் அந்த உடலே இன்னோர் ஆளின் எடையையும் சேர்த்து ஏன் இழுக்க வேண்டும்? 1984 வரை இழுத்தார்கள். சியோலில் அந்த இருக்கை நீங்கியது. அங்கே தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனி நால்வரில் ஒருவரின் காலணி சுக்கான் கம்பியோடு பிணைந்திருந்தது. 2000 மீட்டரும் வலித்துக்கொண்டே, பாதத்தை விரற்கடை அளவு திருப்பி அவரே படகை நேராக ஓட்டினார்.